மரத்தரையில் நேரடியாக இலை, கொடி, பறவை என்று வரையலாமா? நடந்து நடந்து அழிந்துவிடாதா?

தாராளமாக வரையலாம். முறையாகச் செய்தால் வருடக்கணக்கில் நிற்கும். நான் விரும்பிச் செய்யும் வேலை இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்ன வரைவது என்பதை முதலில் யோசியுங்கள். சுவரோவியத்தை எதிரே நின்று பார்க்கிறோம். தரை ஓவியத்தை நான்கு பக்கமிருந்தும், குனிந்து, நடந்துகொண்டே பார்க்கிறோம். மலையும் அடிவானமும் நிமிர்ந்து நிற்கும் மரமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். உதிர்ந்த இலைகள், படரும் கொடி, வேர், கூழாங்கல், நீரில் மிதக்கும் அல்லி இலை, அதன் அடியில் மீன் என்று வரைந்தால் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் இயல்பாக இருக்கும். பறவை வேண்டுமென்றால், மேலிருந்து பார்ப்பதுபோல் சிறகு விரித்துப் பறக்கவிடுங்கள்.

மரத்தை முழுக்க மூடாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். பலகையில் ஓடும் ரேகையே ஓர் ஆறுதான். அதன் போக்கிலேயே கொடியைக் கொண்டுபோகலாம். ஒரு கணு இருந்தால் அதைச் சுற்றி நீர் வளையங்கள் வரையலாம். முக்கால்வாசி மரம் அப்படியே தெரியும்படி விட்ட தரைகள்தான் கண்ணுக்குச் சலிக்காமல் இருக்கின்றன.

வேலையில் பெரும்பகுதி தரையைத் தயார் செய்வதுதான். உங்கள் தரை உண்மையான மரமா என்று முதலில் பாருங்கள். லாமினேட் என்றால் மேலே இருப்பது அச்சிட்ட படலம், அதைத் தேய்க்க முடியாது. மரம் என்றால் பழைய வார்னிஷ், மெழுகு எல்லாம் போக வேண்டும். மெழுகு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் வண்ணம் ஒட்டாது. உப்புத்தாளில் 60, 80, 120 என்ற எண்களில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) படிப்படியாகப் போங்கள், அதற்கு மேல் வழுவழுப்பாக்க வேண்டாம். வீடு பழையது, தரையில் ஏற்கெனவே பெயின்ட் இருக்கிறது என்றால் தேய்ப்பதற்கு முன் ஈயம் இருக்கிறதா என்று கட்டாயம் பரிசோதியுங்கள். அந்தத் தூசு குழந்தைகளுக்குப் பெரும் கேடு.

வண்ணத்துக்கு அக்ரிலிக் போதும். கனமாக அப்பாமல் மெல்லிய பூச்சுகளாகக் கட்டுங்கள். ஓக் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஊறி வந்து வெளிர் நிறங்களைப் பழுப்பாக்கும். அங்கே வரையும் இடத்துக்கு மட்டும் ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் ஒரு அடிப்பூச்சு கொடுங்கள். ஜன்னல் வெயில் விழும் இடத்தில் மங்காத நிறமிகள் வேண்டும்: காவி, பழுப்பு போன்ற மண் நிறங்களும், தாலோ நீலம், தாலோ பச்சையும் நன்றாகத் தாங்கும். அலிசரின் சிவப்பு வெளுத்துவிடும். அப்புறம், பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் வண்ணம் பாலம்போல் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் கூடும்போது மரம் விரியும், குறையும்போது சுருங்கும். அப்போது அந்த இடம்தான் முதலில் வெடிக்கும். காய்வதற்குள் மெல்லிய கத்தியை இடுக்கில் ஓட்டிவிட்டால் போதும்.

ஓவியத்தைக் காப்பாற்றுவது மேலே போடும் பூச்சுதான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் வார்னிஷையே நான் பரிந்துரைப்பேன். எண்ணெய் வகை நாளாக நாளாக மஞ்சளித்து, நீலத்தைப் பச்சையாகக் காட்டும். தரைக்கென்று செய்ததா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு மூன்று அல்லது நான்கு பூச்சு கொடுங்கள். ஓவியத்தின் மேல் விழும் முதல் பூச்சைத் தேய்க்காமல், அடுத்த பூச்சுகளுக்கு நடுவில் மட்டும் 220 உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துகள் சிக்கினால் துருப்பிடிக்கும். ஒரு நாளில் காலுறையோடு நடக்கலாம். ஆனால் பூச்சு முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும், அதுவரை விரிப்பு போடாதீர்கள்.

பிறகு துடைக்க, நன்றாகப் பிழிந்த துணி போதும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் துணி ஒட்டிவிடுங்கள். நடைபாதையில் பளபளப்பு குறைவது தெரிந்ததும், தேய்மானம் வண்ணத்தைத் தொடும் முன்பே, லேசாகத் தேய்த்து இன்னொரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.