வீட்டுத் தோட்டத்துக்கு முதலில் எந்தக் கருவிகளை வாங்கலாம்?

வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை போட என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, ஆரம்பத்துக்கு இந்த மூன்றும் போதும்.

அதிகம் கையில் இருக்கப்போவது களைக்கொத்துதான், அதைப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய தகட்டைக் காம்பில் பற்றவைத்தது வேண்டாம். கோரைக்கிழங்கைக் கெல்லும்போது பற்று விட்டுவிடும். எனக்கு அப்படி இரண்டு போயின. பட்டறையில் ஒரே இரும்பாக அடித்து வாங்கியது இன்னும் உழைக்கிறது. வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன்.

மண்வெட்டிக் காம்பு குட்டையாக இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடையிலேயே நின்று ஓங்கிப் பாருங்கள். பூவாளி 5 லிட்டர் போதும். 10 லிட்டர் என்றால் தண்ணீரே 10 கிலோ. துளைகள் பொடியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நாற்று சாய்ந்துவிடும். கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரி, தெளிப்பான் எல்லாம் செடி வளர்ந்த அப்புறம் வாங்கலாம்.