கொதித்த பின்னும் எரியும் தீ
வாசகர் கேள்வி – பதில்

சமையல் எரிபொருள், குளியல் வெந்நீர், மலையூர்க் குளிர் ஆகியவற்றுக்கான செலவு பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் நான்கு பேர். முன்பெல்லாம் 50 நாள் வந்த கேஸ் சிலிண்டர் இப்போது 40 நாளைத் தாண்டுவதில்லை. கசிவு எதுவும் இல்லை, அடுப்பையும் சரிபார்த்தாகிவிட்டது. மகன் வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் போகத் தொடங்கிய பிறகுதான் இப்படி ஆகிறது. சமைக்கும் அளவு கூடவில்லையே, கேஸ் எங்கே போகிறது?

பதில்: ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் வெப்பம் போதும். ஆனால் கொதித்துக்கொண்டிருக்கும் அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். வீட்டுச் சமையலில் கேஸ் எங்கே போகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே பெரும்பகுதி விடை. கொதிக்கத் தொடங்கிய குழம்பு, தீயை எவ்வளவு கூட்டினாலும், அதற்கு மேல் குறிப்பிடத்தக்க அளவு சூடேறாது. காய் விரைவாக வேகவும் செய்யாது. கூட்டிய தீ முழுவதும் தண்ணீரை ஆவியாக்கி ஜன்னல் வழியாக அனுப்புவதற்கே செலவாகிறது. சாம்பாரிலிருந்து ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர், ஆவியாகப் போனால், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் அதனோடு போய்விட்டது என்று பொருள். ஆகவே கொதி வரும் வரை பெரிய தீ, கொதி வந்ததும் மூடி போட்டுச் சிறு தீ என்பதை வீட்டில் அடுப்பைத் தொடும் எல்லாரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

குக்கருக்கும் இதே கணக்குத்தான். வழக்கமான வெயிட் போட்ட குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரிக்கு உயர்வதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. விசில் அடிப்பதால் அல்ல. ஒவ்வொரு விசிலும் உள்ளே சேர்ந்த ஆவி வெளியேறுவது மட்டுமே. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிட்டு, விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் அழுத்தம் தானாக இறங்கும் வரை உள்ளே உணவு வெந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தையும் சமையல் நேரமாகவே கணக்கில் கொள்ளலாம்.

இனி, பிள்ளைகள் வெளியே போகத் தொடங்கிய பிறகு ஏற்பட்ட மாற்றத்துக்கு வருகிறேன். காலையில் சமைத்த குழம்பை மகள் வந்ததும் ஒருமுறை, கணவர் வந்ததும் ஒருமுறை, மகன் வந்ததும் ஒருமுறை சட்டியோடு கொதிக்கவைக்கிறீர்கள் என்று கருதுகிறேன். சமையல் அளவு மாறாமலேயே அடுப்பு எரியும் நேரம் கூடிவிடுவது இப்படித்தான். ஒருவருக்கு வேண்டிய அளவை மட்டும் சின்னப் பாத்திரத்தில், சின்ன பர்னரில் சூடாக்குவது ஒரு வழி. இரவு உணவையாவது எல்லாரும் ஒரே நேரத்தில் உண்பது அதைவிட நல்ல வழி. கேஸ் சீக்கிரம் தீர்ந்தால் சமைப்பவரைக் கேட்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது நியாயமே இல்லை. சாப்பிடும் நேரத்தைத் தீர்மானிக்கிறவர்களும் கேஸ் செலவைத் தீர்மானிக்கிறார்கள்.

பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ பக்கங்களில் ஏறுகிறதா, நுனி மஞ்சளாக எரிந்து அடியில் கரி பிடிக்கிறதா என்பதையும் பாருங்கள். மஞ்சள் தீ தெரிந்தால் பர்னரின் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றில் தீ அலைந்தால் அடுப்பருகே உள்ள ஜன்னல் கதவில் ஒரு பக்கத்தை மட்டும் சாத்தினால் போதும். முழுவதும் சாத்த வேண்டாம்.

சிவகங்கையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எட்டு விசில் விட்டாலும் மசிவதில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் எவ்வளவு எரித்தாலும் பருப்பு விறைப்பாகவே நிற்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் ஊறும்போதே இந்த இறுக்கம் தொடங்கிவிடும் என்பதால், ஊறவைக்கவும் வேகவைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும். வீட்டுச் சமையல் முழுவதற்கும் கேன் தண்ணீர் வாங்க வேண்டிய தேவை இல்லை; பருப்புக்கு வேண்டிய அரை முக்கால் லிட்டர் மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயை நிலத்துக்குள் விடும் முன் ஒரு கிளை பிரித்து, முதல் மழை கூரையைக் கழுவிய பிறகு வரும் நீரை மூடிய தொட்டியில் பிடித்து வைத்தால், வடிகட்டிக் காய்ச்சிப் பருப்புக்குப் பயன்படுத்தலாம்.

புளி, தக்காளி இரண்டையும் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னால் சேர்ந்தால் வேகும் நேரம் நீளும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் பருப்பு மசியும் என்பது உண்மைதான். ஆனால் அது பி1 வைட்டமினை அழிக்கும் என்பதால் அன்றாடப் பழக்கமாக்க வேண்டாம். நாள்பட்ட பருப்பு நல்ல தண்ணீரிலும் தாமதமாகவே வேகும். மொத்தமாக வாங்கி ஒரு வருடம் வைத்திருப்பதில் மிச்சமாகும் பணம் அடுப்பில் போய்விடக்கூடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் செலவு குறையும் என்கிறார்கள். வீட்டில் கருத்து வேறுபாடு. எது மலிவு?

பதில்: விலை மாறிக்கொண்டே இருப்பதால், நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கைத் தருகிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள எரிவாயு முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். நல்ல கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது. பர்னர் அடைத்து, காற்றில் தீ அலைந்தால் இன்னும் குறையும். இண்டக்ஷனில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவுக்குப் பாத்திரத்தில் இறங்குகிறது. ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் 120 முதல் 140 யூனிட்டில் செய்துவிடும். சிலிண்டரின் விலையை 140 ஆல் வகுத்துப் பாருங்கள். விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6 ரூபாய் 40 காசு வருகிறது. உங்கள் மின்சாரம் யூனிட்டுக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் இண்டக்ஷன் மலிவு, கூடுதலாக இருந்தால் கேஸ் மலிவு.

பலர் தவறுவது அடுத்த படியில்தான். பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மாதப் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் படிப்படியாக ஏறுகிறது. புதிதாகச் சேரும் இண்டக்ஷன் யூனிட்டுகள் எல்லாம் உங்கள் பயன்பாட்டின் உச்சிப்படியில் போய்த்தான் உட்காரும். ஏசி ஓடும் வீட்டுக்கு அந்த உச்சிப்படி விலை மிக அதிகம். மின்விசிறியும் விளக்கும் மட்டும் உள்ள வீட்டுக்குக் குறைவு. எனவே ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இண்டக்ஷன் லாபமாகவும் அடுத்த வீட்டுக்கு நஷ்டமாகவும் இருப்பதில் வியப்பில்லை. காந்தம் ஒட்டாத அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் இண்டக்ஷனில் வேலை செய்யாது என்பதால், புதுப் பாத்திரச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: தெர்மல் குக்கரில் சோறு மட்டும்தான் வடிக்க முடியுமா? வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த சாதனம் இது. கொதித்த பானையை வெப்பம் வெளியேறாதபடி மூடிவைத்தால் மேலும் தீ இல்லாமலேயே உணவு வேகும் என்பதுதான் இதன் தத்துவம். 1867 பாரீஸ் பொருட்காட்சியில் நார்வேக்காரர் ஒருவர் இத்தகைய பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பட்டபோது பிரிட்டன் மக்கள் பெட்டிக்குள் வைக்கோலை அடைத்து இதையே செய்தார்கள். உங்களுக்கு அடுத்த மாநிலத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் பரப்பும் அமைப்பு சூடாறாப்பெட்டி என்ற பெயரில் இதை வீடுவீடாகக் கொண்டுசென்றது.

பருமனான புழுங்கல் அரிசியை அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து உள்ளே இறக்கினால் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். ஊறவைத்த கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கிழங்கு வகைகள், சூப்புக்கான எலும்பு ஆகியவையும் நன்றாக வேகும். வதக்கவும் சுண்டவைக்கவும் வேண்டிய பண்டங்களுக்கு இது உதவாது. பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். குறைவான உணவு சீக்கிரம் ஆறிவிடும். ராஜ்மாவை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். அதில் இயற்கையாக உள்ள நச்சுப்பொருள் குறைந்த சூட்டில் அழியாது. ஆகவே ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது கொதிக்கவைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். எந்த உணவாக இருந்தாலும் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: கீசரைக் காலை முழுவதும் ஆன் செய்தே வைப்பது சிக்கனம், அடிக்கடி போட்டு அணைத்தால்தான் மின்சாரம் அதிகம் இழுக்கும் என்கிறார் என் அண்ணன். சரியா?

பதில்: சரியல்ல. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஒரு யூனிட் ஆகும். 2 கிலோவாட் கீசர் அதை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். அதற்குப் பிறகு ஆன் செய்தே வைத்தால், தொட்டியிலிருந்து கசியும் வெப்பத்தை ஈடுகட்ட மின்சாரம் விட்டுவிட்டுச் செலவாகிக்கொண்டே இருக்கும். எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்துவிடுங்கள். மொட்டைமாடி இடம் சொந்தமாக இருந்தால், 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலம் வெயில் நாளில் நான்கு யூனிட் வேலையை இலவசமாகச் செய்யும்.

உதகமண்டலத்திலிருந்து ஒரு வாசகி: பெற்றோர் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ரூம் ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டால் செலவே இல்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் மலையூர்களில் உறக்கத்திலேயே உயிரிழந்திருக்கிறார்கள். ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்ற யோசனையையும் ஏற்காதீர்கள். குளியலறைக்குள் பொருத்தும் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் இரவில் நான்கு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். விலையுயர்ந்த ஆயில் ஹீட்டர் வாங்கினால் இது குறையும் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். கம்பி சிவக்கும் ஹீட்டரானாலும் எண்ணெய் நிரப்பியதானாலும் ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பம் ஒன்றே; ஆயில் ஹீட்டரில் சூடு சீராகப் பரவும், தீப்பிடிக்கும் அபாயம் குறைவு என்பதே வேறுபாடு. சூடும் குளிரும் தரும் ஏசி மட்டும் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தருவதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும்.

அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவதற்கு மிகக் குறைவாகவே செலவாகும். ரப்பர் வெந்நீர்ப் பைக்கு வேண்டிய இரண்டு லிட்டர் தண்ணீரைச் சூடாக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு யூனிட் போதும். படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு கம்பளிக்குள் வைத்துவிட்டால் படுக்கை கதகதப்பாகிவிடும். கொதிநீரை அப்படியே ஊற்றாமல் சற்று ஆறவிட்டு ஊற்றி, துணியால் சுற்ற வேண்டும்; சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் படுக்கும் முன் பையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். பழைய பங்களாக்களின் உயர்ந்த கூரை உள்ள அறையில் சூடு முழுவதும் மேலே போய்விடுவதால், குளிர்மாதங்களில் இருவரையும் வீட்டின் சிறிய அறைக்கு மாற்றுங்கள். பகலில் வெயிலை உள்ளே விட்டு, வெயில் சாயும் முன் கனத்த திரையை இழுத்து, கதவடி இடுக்கில் சுருட்டிய துணியை வையுங்கள். ஈரத்துணியை அந்த அறையில் உலர்த்தாதீர்கள்.

கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால், உங்கள் ஊரில் திறந்த பாத்திரத்தில் சமைப்பது கேஸை விழுங்கும். அரிசி, பருப்பு, கிழங்கு எல்லாவற்றையும் குக்கரிலேயே வைத்து, மிச்சமாகும் பணத்தை ஹீட்டருக்குக் கொடுங்கள். இத்தனை செய்த பிறகும் ஹீட்டர் வேண்டியிருந்தால் தயங்காமல் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. முதியவர்களுக்கு அதற்கும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். அறையில் ஒரு சிறு வெப்பமானியை மாட்டி, முள் அந்த அளவுக்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடுவது என்று பெற்றோரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கட்டணத்தை நீங்கள் கட்டிவிடுவதாகவும் சொல்லிவிடுங்கள். ஹீட்டரை 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகக் கூடாது. பழைய வீடு என்றால், குளிர் தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.