ஏழாம் எண்ணும் முண்டூர் சித்ராவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலந்தாவளத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் உங்கள் கட்டுரைகளைப் படிப்பது வழக்கம். போன வாரம் கடையில் ஒரு சண்டை. தோனியின் 7ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கிரிக்கெட் வாரியம் 2023இல் முடிவெடுத்ததை வைத்துப் பேச்சு ஆரம்பித்தது. கிரிக்கெட் மட்டும்தான் பெரிய ஆட்டக்காரர்களைச் சாமி மாதிரி வைத்துக் கும்பிடுகிறது, மற்ற விளையாட்டெல்லாம் கரும்பைப் பிழிகிற மாதிரிப் பிழிந்துவிட்டுச் சக்கையைத் தூக்கிப் போடுகிறது என்றான் ஒரு நண்பன். நான் ஓட்டக்காரர் பி.யு. சித்ராவின் பேரைச் சொன்னேன். இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு யாரென்றே தெரியவில்லை. அவர் ஊரான முண்டூர் இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊர். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

நம் ஜனங்களுக்கு நன்றி இல்லையா அண்ணா? இல்லை, விளையாட்டுக்கு விளையாட்டு இது மாறத்தான் செய்யுமா? பெயர் போட வேண்டாம், அவர்களும் படிப்பார்கள்.

அன்புடன்,
வேலந்தாவளத்து வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு எண்ணை எடுத்து வைத்துவிடுவது நல்ல மரியாதைதான், ஆனால் அது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் கிடையாது. நேப்பிள்ஸ் அணி மரடோனாவின் 10ஆம் எண்ணை 2000இலேயே எடுத்து வைத்துவிட்டது. நம்ம கிழக்கம்பலம் ஸ்ரீஜேஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றபோது ஹாக்கியிலும் 16ஆம் எண்ணை சீனியர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். 2002 உலகக் கோப்பைக்கு அர்ஜென்டினா 10ஆம் எண் இல்லாமல் பட்டியல் அனுப்பியதும், 1 முதல் 23 வரை எல்லா எண்ணும் இருந்தாக வேண்டும் என்று ஃபிஃபா திருப்பி அனுப்பியதும், கடைசியில் ஒர்டேகா அந்த 10ஐப் போட்டுக்கொண்டு ஆடியதும் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அடுத்த பையன் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது, அதில் மரடோனாவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும்போது எல்லா விளையாட்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், மாலைக்குப் பஞ்சமே இருக்காது. கால் தளர ஆரம்பிக்கிற அன்றைக்கு அந்த விளையாட்டு என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சச்சினின் 99ஆவது சதம் 2011 மார்ச் 12. நூறாவது சதம் 2012 மார்ச் 16. நடுவில் ஒரு வருஷமும் நாலு நாளும். அந்த இடைவெளியில் இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட், ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்ட், எட்டிலும் நாம் தோற்றோம், ஆனால் டீக்கடையிலும் டிவியிலும் பேச்செல்லாம் நூறாவது நூறு எப்போது என்பதாகவே இருந்தது. கடைசியில் அது மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக வந்தது, அந்த ஆட்டத்திலும் நாம் தோற்றோம். அதற்கு முன்னால் 1994இல் நியூசிலாந்தின் ஹாட்லி எடுத்த 431 டெஸ்ட் விக்கெட்டைக் கபில்தேவ் தாண்டுவதற்காக நாடே காத்திருந்த நாட்களில் உள்நாட்டு டெஸ்டுகளில் இளம் வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீநாத் வெளியே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரையும் நான் நெஞ்சார நேசிக்கிறேன், அவர்கள் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் இதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிரிக்கெட்டின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியாக எழுதப்படுகிற ஆட்டம் அது. ஒருத்தர் சறுக்கினால் மற்ற பத்துப் பேர் ஈடு கட்டலாம், அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாம்.

கால்பந்தில் அப்படித் தள்ள முடியாது. ஒருவர் ஓடவில்லை என்றால் அந்த ஓட்டை மைதானத்திலேயே தெரியும், எதிரணி அந்த வழியாகத்தான் வரும். 2022 கத்தாரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில் போர்ச்சுகல் பயிற்சியாளர் ரொனால்டோவை பெஞ்சில் உட்கார வைத்தார். அவருக்குப் பதிலாக இறங்கிய கோன்சாலோ ராமோஸ் மூன்று கோல் அடித்தார், 6-1. கோழிக்கோடு புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ மூன்று பேருக்கும் பனை உயரத்துக்குக் கட்அவுட் வைத்த அதே உலகக் கோப்பை அது. கட்அவுட்டுக்கும் பெஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை பாருங்கள். ஜனங்கள் ஆற்றுக்கு நடுவில் நிறுத்திக் கொண்டாடலாம், ஆனால் யார் இறங்குவது என்பதை அன்றைய ஆட்டம்தான் சொல்ல வேண்டும்.

டென்னிஸில் இது இன்னும் அழகு. நடாலுக்கு ரோலண்ட் காரோஸில் அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2021இலேயே, சிலை வைத்துவிட்டார்கள். பதினான்கு முறை ஜெயித்த மைதானம். ஆனால் 2024இல் காயத்தினால் தரவரிசையில் இறங்கிப் போய் வந்தபோது அவருக்கு சீடிங் தரவில்லை, அதாவது பெரிய ஆட்டக்காரர்கள் ஆரம்பச் சுற்றில் ஒருவரோடொருவர் மோதாமல் பிரித்து வைக்கிற வரிசையில் அவர் பெயர் இல்லை. குலுக்கலில் முதல் சுற்றிலேயே ஸ்வெரெவ், தோற்று வெளியே போனார். மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. சிலையும் இருக்கிறது, தோல்வியும் இருக்கிறது. மரியாதை வேறு, பாயின்ட் வேறு. நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான் தம்பி.

ஜப்பானின் சுமோவில் யோகோசுனா என்கிற உச்சப் பட்டம் வாங்கியவரை யாரும் கீழே இறக்க முடியாது. எத்தனை தோற்றாலும் பதவி அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பதவிக்குத் தகுந்த ஆட்டம் கையில் இல்லை என்றால் அவரே விலகிவிட வேண்டும், அதுதான் அங்கே முறை. கிசெனோசாதோ 2019 ஜனவரியில் முதல் மூன்று நாளும் வரிசையாகத் தோற்றார், நாலாம் நாள் ஓய்வை அறிவித்துவிட்டார். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் பட்டம் வாங்குகிற அன்றைக்கே அவருக்கு அது தெரியும்.

இனி தடகளத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது. கடிகாரத்துக்கு யார் முகமும் தெரியாது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் உஷாவிடமிருந்து வெண்கலத்தைப் பிடுங்கியது நொடியில் நூறில் ஒரு பங்கு. அமெரிக்காவில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி என்று ஒன்று வைப்பார்கள், உலக சாம்பியனாக இருந்தாலும் அன்றைக்கு முதல் மூன்று பேரில் வந்தால்தான் டிக்கெட். பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் 1991 உலக சாம்பியன் டான் ஓ பிரையன் அடுத்த வருஷம் அந்தத் தேர்வில், கோலை ஊன்றித் தாண்டுகிற போல்வால்ட்டில் தன் முதல் உயரத்தையே மூன்று தடவையும் தாண்ட முடியாமல் பார்சிலோனாவைத் தவறவிட்டார். அவருக்காக யாரும் விதியைத் தளர்த்தவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் உலக சாதனை செய்தார், 1996இல் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். முன்கூட்டியே சொல்லிவிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்துகிற கொடுமையை எந்த ஓட்டக்காரரும் தாங்கிக்கொள்வார். அதற்குத்தானே விடிகாலையில் எழுந்து ஓடுகிறார்கள்.

சித்ராவுக்கு நடந்தது அது இல்லை. 2017 ஜூலையில் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப், 1500 மீட்டர், தங்கம். முண்டூரில் கூலி வேலை செய்கிற அப்பா அம்மாவின் பிள்ளை. ஆசிய சாம்பியன் என்ற முறையில் லண்டன் உலக சாம்பியன்ஷிப்புக்குப் போக சர்வதேச விதியில் அவருக்கு வழி இருந்தது. நம் தடகள சம்மேளனம் அவர் ஓடிய நேரம் தகுதிக்குப் போதாது என்று சொல்லிப் பெயரை விட்டுவிட்டது. அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார், சேர்க்கச் சொல்லி உத்தரவும் வாங்கினார். அதற்குள் பெயர் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டது என்று சர்வதேச அமைப்பு மறுத்துவிட்டது. ஜெயித்த பெண் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. இதில் மரியாதையும் இல்லை, விதியும் இல்லை, ஓர் அறைக்குள் சில பேர் உட்கார்ந்து எடுத்த முடிவு மட்டும்தான் இருக்கிறது. அப்படியும் அவர் 2019இல் தோஹாவில் மறுபடி ஆசியத் தங்கம் வாங்கினார். உங்கள் கடையில் சண்டை திரும்ப வந்தால் இதையும் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை சாந்தியை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி, பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள், அப்புறம் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்ததைப் பத்திரிகையில் படித்தோம். 2009இல் அதே 800 மீட்டர், அதே கேள்வி, தென்னாப்பிரிக்காவின் செமன்யாவுக்கும் வந்தது. அந்த நாடு விமான நிலையத்துக்கே திரண்டு போய்த் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது, அரசாங்கம் கூட நின்றது, அவர் அதன் பிறகு இரண்டு ஒலிம்பிக் ஓடினார். சாந்திக்கு ஒரு பயிற்சியாளர் வேலை உறுதியாவதற்கே பத்து வருஷம் ஆயிற்று. விளையாட்டு ஒன்றுதான், ஓடிய தூரமும் ஒன்றுதான், பின்னால் நின்ற கூட்டம்தான் வேறு.

ஜனங்களுக்கு நன்றி இல்லையா என்று கேட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாலிபால் என்றால் உயிர். தென்னந்தோப்புக்கு நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்ட கோர்ட், ரெண்டு மரத்துக்கு இடையே கட்டிய நெட். பேராவூர் ஜிம்மி ஜார்ஜ் இத்தாலிக்குப் போய் ஆடி, அங்கேயே 1987இல் கார் விபத்தில் 32 வயதில் இறந்துபோனவர். திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்விளையாட்டு அரங்கம் இருக்கிறது, இத்தாலியில் மொந்திகியாரி ஊரிலும் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர்தான். எங்கள் ஊரில் அவர் பெயரைத் தாங்கிய ஒரு மனிதர் உண்டு. நெட்டுக்கு மேலே இடுப்புத் தெரிய எம்பி அடிப்பார் என்பதால் சின்ன வயதிலேயே ஜிம்மி ஆகிவிட்டார். இப்போது ஐம்பத்தைந்து வயது, முட்டி மடங்காது, இரண்டு விரல் ஒட்டினாற்போல் வளைந்தே இருக்கும். வருஷா வருஷம் டோர்னமென்ட் தொடங்கும்போது முதல் ஆட்டத்தின் முதல் சர்வீஸ் அவர்தான் போட வேண்டும். பந்தை ரெண்டு தடவை தட்டுவார், உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொள்வார், போடுவார். எதிர்ப்பக்கப் பையன்கள் அதை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒழுங்காக எடுப்பார்கள், லிஃப்ட் போடுவார்கள், ஓங்கி அடிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து உட்காருவார். ஐந்நூறு பேர் கத்துவார்கள். ஊர் தினமும் பார்க்கிற ஆட்டம் அது, அதனால் அவரை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் மூன்று நண்பர்களும் சித்ரா ஓடி ஒரு தடவையும் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேல் நடக்கிற ஓட்டம், எந்த சேனலில் வந்தது? பார்க்காத ஒருவருக்காக எப்படிச் சண்டை போடுவார்கள்? உஷாவைப் பேசினோம், கேட்டோம், படம் பார்த்தோம், அதனால்தான் இன்றைக்கும் வேகமாக ஓடுகிற பெண்ணைப் பார்த்து "பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு" என்று வாயில் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் சித்ராவின் பெயர் வந்திருக்க வேண்டும். வராததற்கு நானும் ஒரு காரணம், 2017இல் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை நான்.

போன வருஷம் சப்ஜில்லா மீட்டுக்கு, பள்ளிப் பிள்ளைகளின் உள்மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். பெண்கள் 1500 மீட்டர், வெறுங்காலில் ஓடிய ஒரு பெண் ஏழாவதாக வந்தாள். வந்ததும் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே "டைம் எத்தன?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்றே தெரியவில்லை, முதல் மூன்று பேர் நேரத்தைக் குறித்துவிட்டு மேசைக்காரர்கள் அடுத்த ஐட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் சும்மா என் போனில் நேரம் வைத்திருந்தேன். சொன்னேன். பக்கத்தில் நின்ற தோழியிடம் பேனா வாங்கி முன்னங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.

இந்த வருஷமும் அந்த மீட் வரும். தேதி தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன். கடைக்கு அரை நாள் லீவு விட்டுவிட்டு அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 1500 பெரும்பாலும் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவார்கள், அதனால் ஆறரைக்கே வந்துவிட வேண்டும். இருநூறு மீட்டர் வளைவு பக்கத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது, நான் அங்கே நிற்பேன்.

அன்புடன்,
அண்ணன்