தொழில்முறைக் கால்பந்தில் நடுவர்கள் பாரபட்சமாக நடக்கிறார்களா, இல்லை ஆட்டத்துக்கு ஆட்டம் தடுமாறுகிறார்களா?

வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்கிற நடுவர்கள் மிகக் குறைவு. தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தத் தடுமாற்றம் இரண்டு அணிக்கும் சமமாக விழுவதில்லை, கூட்டம் கத்துகிற பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது. கேள்வியில் "பாரபட்சமா, தடுமாற்றமா" என்று இரண்டில் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் ஒன்று உண்டு. நான் அங்கே நின்றிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சனி, ஞாயிறு வந்தால் விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மாவட்ட அளவு ஆட்டங்களுக்குப் பதினொரு வருடமாக ரெஃப்ரியாக இருக்கிறேன். காந்தி ஸ்டேடியம், மேட்டூர், ஆத்தூர், ஏற்காடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன்.

சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு அரையிறுதி. மலைப் பையன்கள் ஒரு அணி, சேலம் டவுன் பையன்கள் ஒரு அணி. டிசம்பர் மாதம், மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. எஸ்டேட் வேலை முடித்து வந்தவர்கள், வீட்டுப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரே கோட்டை ஒட்டி நின்றது. கேலரி கிடையாது. கார்னர் கொடி பக்கம் நின்றால் அவர்கள் மூச்சு நம் கழுத்தில் படும்.

முதல் பாதியில் சேலம் பையன் ஒருவன் பெனால்டி பாக்ஸுக்குள் விழுந்தான். தோளோடு தோள் மோதல்தான் என்று எனக்குப் பட்டது, ஆட்டத்தை விட்டுவிட்டேன். யாரும் சத்தம் போடவில்லை. இரண்டாம் பாதி முடியப் போகிற நேரம், ஒன்றுக்கு ஒன்று சமம். எதிர்ப்பக்கம் மலைப் பையன் அதே மாதிரி விழுந்தான். அவன் தரையைத் தொடுவதற்குள் கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் மொத்தமாக "பெனால்டி" என்று கத்தியது. விசில் வாயில் இருந்தது. ஊதிவிட்டேன். ஊதிய பிறகுதான் என்ன பார்த்தேன் என்று யோசித்தேன்.

பெனால்டி கோலானது. ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது சேலம் அணியின் கேப்டன் கையை விடாமலே கேட்டான்: "சார், அங்க நம்ம பையன் விழுந்தப்ப ஏன் சார் ஊதல?" பத்தொன்பது வயது இருக்கும். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பெனால்டி கொடுத்த மோதலை யாரோ செல்போனில் எடுத்த வீடியோ இரவு வந்தது. தடுத்த பையனின் கால்நுனி முதலில் பந்தில்தான் பட்டிருக்கிறது, மூன்று முறை பார்த்தும் அப்படித்தான் தெரிந்தது.

மலை அணியில் எனக்கு யாரையும் தெரியாது. யாரும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. சொல்லப்போனால் நான் சேலத்துக்காரன், தோற்றது என் ஊர். கண் பாதி பார்த்தது, மீதியைக் காது நிரப்பிவிட்டது.

பெரிய மைதானங்களிலும் இதுதான் நடக்கிறது, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2002-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல், லெஸ்டர் ஆட்டத்தின் 47 மோதல்களைத் திரையில் காட்டினார்கள். ஒரு குழுவுக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, இன்னொரு குழுவுக்குச் சத்தமே இல்லாமல். அதே படம், அதே விதி. சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. அது மட்டுமில்லை, அவர்களுக்குத் தங்கள் முடிவிலேயே சந்தேகமும் அதிகமாக இருந்திருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். தெளிவாகப் பார்த்ததைச் சத்தம் எளிதில் மாற்றாது. சந்தேகம் இருக்கிற இடத்தில்தான் அது உள்ளே வரும்.

ஸ்பெயின் லீக்கில், வீணான நேரத்துக்கு ஈடாக நடுவர் கடைசியில் சேர்க்கிற கூடுதல் நேரத்தை எடுத்து மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொந்த மைதான அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் நடுவர்கள் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கிறார்கள். ஒரு கோல் பின்தங்கி இருந்தால் நீட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். எந்த நடுவரும் "உள்ளூர் அணிக்கு இரண்டு நிமிடம் போட்டுக் கொடுப்போம்" என்று கணக்குப் பண்ணியிருக்க மாட்டார். எத்தனை நிமிடம் என்பது அவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது, அந்த இடைவெளியில் அறுபதாயிரம் தொண்டைகள் புகுந்துவிட்டன.

அப்புறம் கொரோனா வந்தது. 2020-21 பிரீமியர் லீக் சீசன் பெரும்பாலும் காலி மைதானங்களில் நடந்தது. 380 ஆட்டங்களில் சொந்த மைதான வெற்றி 144, வெளி மைதான வெற்றி 153. இங்கிலாந்தின் முதல் டிவிஷன் வரலாற்றில் வெளியூர் அணிகள் அதிகமாக வென்றது அதுதான் முதல் முறை. முழுக் காரணமும் நடுவர்கள் என்று சொல்ல மாட்டேன், கூட்டம் இல்லாவிட்டால் ஆடுகிறவர்களுக்கும் வேகம் குறையும். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பிய ஆட்டங்களை ஆராய்ந்த பலரும் ஒன்றைக் கவனித்தார்கள்: வெளியூர் அணிக்கு வழக்கமாகக் கூடுதலாக விழுகிற மஞ்சள் அட்டை அப்போது குறைந்திருந்தது.

எங்கள் தொழிலில் இதைப் புரிய வைப்பது சுலபம். பட்டறையில் எடை போடும்போது அப்பா முதலில் சொல்வது, "ஃபேனை நிறுத்துடா." கல்லில் களவு வைத்திருக்கிற தராசு ஒரு ரகம். அதை வைத்திருப்பவன் திருடன். காற்றில் முள் ஆடுகிற தராசு இன்னொரு ரகம். அதில் திருட்டு இல்லை, ஒரு தடவை அரை கிராம் கூடும், ஒரு தடவை குறையும். ஆனால் ஃபேன் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வீசினால்? நல்ல தராசுதான், நல்ல ஆள்தான், ஆனாலும் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு நஷ்டம் வந்திருக்கும். நஷ்டப்பட்டவர் கண்ணுக்கு அது களவாகத்தான் தெரியும். அவர் மேல் தப்பே கிடையாது.

கல்லில் களவு நடந்ததும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜெர்மனியில் ராபர்ட் ஹாய்ஸர் என்ற நடுவர் 2004-ல் ஒரு கோப்பை ஆட்டத்தில் ஹாம்பர்க் அணியைக் கவிழ்த்தார். ஹாம்பர்க் இரண்டு கோல் முன்னிலை. இரண்டு பெனால்டி, ஒரு சிவப்பு அட்டை, கடைசியில் பாடர்போர்ன் என்ற சின்ன அணி 4-2 என்று வென்றது. பின்னால் பந்தயக் கும்பல் இருந்தது. ஹாய்ஸருக்கு இரண்டு வருடம் ஐந்து மாதம் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர்மேல் சந்தேகம் வந்து சங்கத்திடம் போய்ச் சொன்னவர்கள் சக நடுவர்கள்! இத்தாலியில் 2006-ல் வெளிவந்த விவகாரம் வேறு மாதிரி. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவரைப் போடுவது என்பதில் கிளப் நிர்வாகிகள் கை வைத்தது டெலிஃபோன் பதிவுகளில் தெரிந்தது. யுவென்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. இதெல்லாம் நடந்ததால்தான் ரசிகன் ஒவ்வொரு தப்பான விசிலிலும் பணத்தைப் பார்க்கிறான். ஆனால் இவை பிடிபட்டது சாட்சியாலும் பதிவாலும். "எங்களுக்கு மட்டும் பெனால்டி தரவில்லை" என்ற கணக்கால் பிடிபடவில்லை. பெரிய கிளப்புக்குப் பெனால்டி அதிகம் கிடைக்கிறது என்பார்கள். எதிரணி பாக்ஸிலேயே ஆட்டத்தின் பாதியை ஆடுகிற அணிக்கு அதிகம் கிடைக்கத்தானே செய்யும்? அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சரி, வீடியோ பார்த்து நடுவருக்கு உதவுகிற வீஏஆர் வந்த பிறகும் ஏன் சண்டை ஓயவில்லை? 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம், லிவர்பூல் ஆட்டம். லூயிஸ் டியாஸ் போட்ட கோலுக்கு லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார். திரை அறையில் இருந்தவர் பார்த்தார், ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு "சரிபார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டார். மைதானத்தில் இருந்தவர் அதை "ஆஃப்சைடுதான்" என்று எடுத்துக்கொண்டார். தப்பு தெரிவதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, நிறுத்த விதி இடம் தரவில்லை. அந்த ஒலிப்பதிவைப் பிறகு வெளியிட்டார்கள். கேட்டுப் பாருங்கள், பதறிப்போன குரல்கள் அவை. திரை அறையில் இருந்த இரண்டு பேரும் அதே வாரம் வியாழக்கிழமை ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆட்டம் நடத்திவிட்டுத் திரும்பியவர்கள். நடுவர் அமைப்பு அவர்களை அப்படி அனுமதித்ததில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் குரல்களில் பாரபட்சம் எனக்குக் கேட்கவில்லை.

இயந்திரமே தவறிய கதையும் இருக்கிறது. 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட். வில்லா கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். கோல் கோட்டைக் கண்காணிக்கிற ஏழு கேமராக்களையும் ஆட்கள் மறைத்துவிட்டதால், கோல் என்று காட்ட வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் சும்மா இருந்துவிட்டது. ஆட்டம் 0-0. சீசன் முடிவில் வில்லா 35 புள்ளியோடு தப்பியது, போர்ன்மத் 34 புள்ளியோடு இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. அந்த 0-0 ஆட்டத்தில் வில்லாவுக்குக் கிடைத்த ஒரு புள்ளிதான் வித்தியாசம். இதே தவறை ஒரு மனிதர் செய்திருந்தால் அவர் எந்த ஊர், மனைவி எந்த ஊர் என்று தோண்டியிருப்பார்கள்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். பெங்களூரு எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ், இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) நாக் அவுட் ஆட்டம். கூடுதல் ஆட்ட நேரத்தில் பாக்ஸுக்குச் சற்று வெளியே ஃப்ரீ கிக். கேரளா வீரர்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் கட்டும் முன் சுனில் சேத்ரி உதைத்து கோலாக்கினார், நடுவர் ஒப்புக்கொண்டார். கேரளா அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. பிறகு அந்தக் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. சுவரும் வேண்டாம், விசிலும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாக சேத்ரி சொன்னார். நாங்கள் சேலத்தில் நாலைந்து ரெஃப்ரிகள் சேர்ந்து டிவியில் பார்த்தோம். விதிப்படி அது கோல்தான், விசில் கட்டாயமில்லை. ஆனால் அந்தத் தூரத்தில் எங்களில் முக்கால்வாசிப் பேர் வழக்கமாக என்ன செய்வோம்? அடியெடுத்து அளந்து, சுவரைப் பின்னால் தள்ளி, "விசிலுக்கு அப்புறம்" என்று கையைக் காட்டுவோம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கேரளா வீரர்கள் அசந்து நின்றார்கள். விதி ஒன்றாகவும் நடைமுறை பல மாதிரியாகவும் இருந்தால் யாராவது ஒருவர் ஏமாந்துதான் போவார். அந்த நடுவரைக் களவாணி என்று எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆக, நடுவரின் விருப்பத்துக்கு எங்கெல்லாம் தேவையில்லாமல் விட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம், காற்றுப் படாமல் தராசை மூடுகிற மாதிரி, கண்ணாடிப் பெட்டி போட வேண்டும். 2022 உலகக் கோப்பையில் வீணான நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டுச் சேர்க்கச் சொன்னார்கள். இங்கிலாந்து, ஈரான் ஆட்டத்தின் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அது மிகப் பிடித்தது. ஸ்பெயினில் சத்தம் புகுந்த அதே ஓட்டையை அங்கே அடைத்தார்கள். தள்ளினானா, தானே விழுந்தானா என்பதற்கு மட்டும் எந்த அளவுகோலும் கிடையாது. அங்கே ஒரு மனிதர் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்ற பேச்சை மக்கள் கேட்கும்படி வெளியிட வேண்டும், ஐஎஸ்எல்லிலும்.

அந்த ஏற்காடு ஆட்டத்துக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். பாக்ஸுக்குள் யாராவது விழுந்தால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுகிறேன். கையிலிருந்து வாய்க்குப் போகிற அந்த ஒரு நொடியில், பார்த்தது என்ன, கேட்டது என்ன என்று பிரித்துக்கொள்கிறேன். தாமதமாக ஊதுகிறேன் என்று இரண்டு பக்கத்துப் பையன்களும் திட்டுகிறார்கள்.