சொராரிட்டியில் சேர வேண்டும் என்கிறாள் மகள், விடலாமா?

கேள்வி: எங்கள் ஒரே மகள் வரும் ஆகஸ்டில் டெக்சஸிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறாள். போனதும் சொராரிட்டியில் (காலேஜ் பெண்கள் சங்கத்தில்) சேர வேண்டும் என்கிறாள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் ‘ரஷ்’ என்று ஆள் சேர்ப்பு நடக்குமாம், அதற்குப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டுமாம். அவள் தோழிகள் “இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால்தான் மதிப்பு” என்கிறார்கள். இன்னொரு பக்கம், தெற்காசியப் பெண்களின் சொராரிட்டியில் இருக்கும் ஒரு சீனியர் இவளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். என் கணவரோ “ராகிங், குடி, இதுக்கா படிக்க அனுப்புறோம்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். (அவரையே ஆபீஸ் நண்பர் ஒருவர் ஃப்ரீமேசன் என்ற பழைய ஆண்கள் சங்கத்தின் கிளையில், அதாவது லாட்ஜில், சேரக் கூப்பிடுகிறார். அதையும் கேட்டுவிடுகிறேன்.) மதுரையில் படித்த எனக்கு இதில் எதுவும் புரியவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?
– ஒரு வாசகி, டாலஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் பயத்தைப் பேசிவிடுவோம், அது நியாயமான பயம். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் அப்போது காலேஜில் இருந்த யாருக்கும் மறந்திருக்காது. அமெரிக்காவில் இதை ஹேஸிங் என்கிறார்கள். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டிமோதி பியாட்ஸா என்ற 19 வயதுப் பையனை, ஃபிரட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்) அவனைச் சேர்த்துக்கொண்ட அன்று ராத்திரியே அளவில்லாமல் குடிக்க வைத்தார்கள். படிக்கட்டில் உருண்டு விழுந்து தலையிலும் வயிற்றிலும் அடிபட்டுக் கிடந்தவனுக்கு, சங்க வீடு நிறைய ஆட்கள் இருந்தும், மறுநாள் காலை வரை ஒருவரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பையன் போய்விட்டான். அந்த வீட்டுக்குள் கேமராக்கள் இருந்ததால்தான் நடந்தது முழுக்க வெளியே வந்தது.

ஆனால் அதைக் காட்டி “நீ எதிலும் சேரவே கூடாது” என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் மகளுக்கு 18 வயது, பெற்றோர் கையெழுத்து எதற்கும் வேண்டாம். நீங்கள் தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் சேருவாள், அப்புறம் அங்கே ஏதாவது தப்பாக நடந்தால் முதலில் உங்களிடம்தான் மறைப்பாள். ஹேஸிங் வாழ்வதே அந்த மறைப்பில்தான். அதனால் ‘சேரலாமா கூடாதா’ என்பதை விட்டுவிட்டு, ‘எந்த இடம், என்ன கேட்டுத் தெரிந்துகொண்டு’ என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு அப்பாவும் வரட்டும்.

இந்தச் சங்கங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் கிரேக்க எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட முதல் சங்கம். அது இன்றைக்கு நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கிற அமைப்பு. உங்கள் மகள் சொல்வது சோஷியல் சொராரிட்டி, நட்புக்காகச் சேருவது. அதில் பழைய, பெரிய சொராரிட்டிகள் பல சேர்ந்த கூட்டமைப்புதான் 1902இல் உருவான நேஷனல் பேன்ஹெலனிக் கான்ஃபரன்ஸ், ஆகஸ்ட் ரஷ்ஷை நடத்துவது இவர்கள். கறுப்பின மாணவர்களை அந்தச் சங்கங்கள் உள்ளே விடாத காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று தொடங்கியவை தனி. கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அப்படி 1908இல் பிறந்தது. நம் பிள்ளைகளுக்கானவை எல்லாம் சமீபத்தியவை, பெரும்பாலும் 1990களில் வந்தவை. கப்பா ஃபை காமா 1998இல் டெக்சஸிலேயே, ஆஸ்டினில்தான் தொடங்கியது. இவை தவிர ஒரே தொழிலுக்குப் படிப்பவர்கள் சேருகிற சங்கங்கள் உண்டு: பிசினஸுக்கு ஆல்ஃபா கப்பா சை, இன்ஜினியரிங்குக்குத் தீட்டா டாவ். சமூக சேவைக்கு ஆல்ஃபா ஃபை ஒமேகா. இந்த மூன்றிலும் ஆண் பெண் இருபாலரும் சேரலாம், செலவும் பெரும்பாலும் குறைவு. மகளுக்கு வேண்டியது நாலு நல்ல தோழிகளும் சொல்லிக்கொள்ள ஓர் இடமும்தான் என்றால் இவற்றிலும் கிடைக்கும். இதை யாரும் ரஷ் வாரத்தில் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

ரஷ் வாரம் கிட்டத்தட்ட பெண் பார்க்கிற படலம்தான், ஆனால் இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். முதல் சுற்றில் எல்லாச் சொராரிட்டி வீட்டுக்கும் போக வேண்டும் (சங்கத்தையே ‘வீடு’ என்றும் சொல்வார்கள்). வாசலில் ஐம்பது அறுபது பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள், ஒருத்தி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஐந்து நிமிஷம் பேசுவாள், பேச்சு பாதியில் இருக்கும்போதே இன்னொருத்தி வந்து அந்த இடத்தில் உட்காருவாள். என்ன படிக்கிறாய், எந்த ஊர், எந்த டார்ம் (ஹாஸ்டல்), திரும்பத் திரும்ப இதேதான். இவள் வெளியே போனதும் உள்ளே மதிப்பெண் போடுவார்கள். ஒவ்வொரு நாளும் பட்டியல் சுருங்கும். நன்றாகப் பேசிவிட்டு வந்த வீட்டின் பெயர் மறுநாள் காலைப் பட்டியலில் இருக்காது, நிறையப் பிள்ளைகள் அந்தக் காலையில்தான் உடைந்து அழுகிறார்கள். நூற்றுக்கணக்கான பெண்களை ஐந்து ஐந்து நிமிஷத்தில் பார்த்துப் போடுகிற மதிப்பெண் அது. உங்கள் மகளுடைய குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

கடைசி நாள்தான் முக்கியம். பிரெஃபரன்ஸ் என்கிற கடைசிச் சுற்று முடிந்ததும், மீதி இருக்கிற வீடுகளை விருப்ப வரிசையில் குறித்து ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அவள் எழுதிக்கொடுத்த வீடுகளில் ஒன்று அழைப்பு கொடுத்து, அவள் வேண்டாம் என்றால், அந்தக் கேம்பஸில் இந்தக் கூட்டமைப்பில் வேறு எதிலும் அடுத்த வருஷ ரஷ் வரை சேர முடியாது. சோர்ந்துபோய், கூட இருக்கிறவர்கள் எல்லாம் போடுகிறார்களே என்று கையெழுத்துப் போடுகிற நேரம் அது. மனதுக்குப் பிடிக்காத வீட்டின் பெயரை ‘இதுவாவது கிடைக்கட்டும்’ என்று எழுத வேண்டாம். கையெழுத்துப் போடாமலே எழுந்து வரலாம். பதிவுக் கட்டணம் திரும்ப வராது, அவ்வளவுதான் நஷ்டம். அதனால் பதிவு செய்யட்டும், போய்ப் பார்க்கட்டும் என்பதுதான் என் கருத்து. தெற்காசியச் சொராரிட்டிகள் வழக்கமாக செமஸ்டர் தொடங்கிய பிறகுதான் ஆள் சேர்ப்பார்கள், எனவே ஆகஸ்டில் ஒன்றும் அமையாவிட்டாலும் வழி இருக்கிறது. ஆனால் பொதுவாக இரண்டு சோஷியல் சொராரிட்டிகளில் ஒரே சமயம் இருக்க விட மாட்டார்கள். அந்தச் சீனியர் பிடித்திருந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

‘இந்த மூன்றுதான் மதிப்பு’ என்பதைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். அந்த வரிசையைப் போடுவது யார் என்றே யாருக்கும் தெரியாது. கேம்பஸ் மாறினால் அதே பெயருக்கு வேறு மரியாதை. வீட்டின் அலங்காரத்தைப் பார்க்காமல், அங்கே போன வருஷம் சேர்ந்த ஒரு பெண்ணிடம் “போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்தாய்?” என்று கேட்கச் சொல்லுங்கள். லைப்ரரியில் நாலு பேராக உட்கார்ந்தோம் என்கிறாளா, கட்டாய மீட்டிங் என்கிறாளா, பார்ட்டிக்கு உடை வாங்கப் போனோம் என்கிறாளா, அதில் நிறையத் தெரிந்துவிடும். உன்னோடு சேர்ந்தவர்களில் யாராவது விலகினார்களா, ஏன் என்றும் கேட்கலாம். பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினால் அதுவும் பதில்தான்.

நம் நிறத்துப் பெண்ணுக்கு அங்கே எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில், நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு கறுப்பினப் பெண்ணைச் சொராரிட்டிகள் ஒதுக்கிவிட்டதையும், உள்ளே இருந்த மாணவிகளில் சிலர் சேர்க்க விரும்பியும் பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்பதையும் அந்தக் கேம்பஸ் பத்திரிகையே எழுதியது. அதன் பிறகுதான் நிர்வாகம் தலையிட்டு மறுபடி சேர்க்கையைத் திறக்க வைத்தது. இன்றைக்கு நிலைமை இடத்துக்கு இடம் வேறு. ஒரு வீட்டின் கடந்த நாலைந்து வருஷக் குழுப் படங்களைப் பார்த்தால் கணிசமாகப் புரியும். ஒரே ஒரு இந்தியப் பெண் எல்லாப் படத்திலும் முன்வரிசையில் நிற்கிறாள் என்றால் அவளிடமே தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

அதற்காக, நம்ம பிள்ளைகள் நடத்துகிற சங்கம் என்றால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். 2013 டிசம்பரில் நியூயார்க் பரூக் கல்லூரி மாணவன் மைக்கேல் டெங், ஓர் ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டியில் சேரும்போது, கண்ணைக் கட்டி, முதுகில் பாரம் ஏற்றி, மாறி மாறித் தள்ளி விழ வைக்கும் சடங்கில் அடிபட்டு இறந்தான். செய்தவர்களும் ஆசியப் பிள்ளைகள்தான்.

எந்தச் சங்கமாக இருந்தாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரகசியக் கைகுலுக்கல், ரகசிய வாசகம், மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி, இதெல்லாம் அவர்களுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவளின் சாப்பாடு, தூக்கம், உடம்பு, காசு, போன், இந்த ஐந்தில் என்ன நடந்தாலும் “வெளியே சொல்லாதே” என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கூடவே நீங்கள் ஒரு வேலை செய்யலாம். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் சட்டப்படி, எந்தச் சங்கம் ஹேஸிங் விதியை மீறிப் பிடிபட்டது என்று கல்லூரிகள் பொதுவில் அறிக்கை போட வேண்டும். மகளின் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடி, அவள் நினைக்கிற பெயர்கள் இருக்கிறதா என்று உங்கள் கணவரையே பார்க்கச் சொல்லுங்கள். வெறுமனே பயந்துகொண்டிருப்பதைவிட அவருக்கும் அது நல்லது.

செலவு விஷயத்தில் மாதச் சந்தாவை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். முதல் செமஸ்டரில் சேர்க்கைக் கட்டணம், பேட்ஜ், டி-ஷர்ட் எல்லாம் தனி. மீட்டிங்குக்கு வராவிட்டால் அபராதம் போடுகிற வீடுகள் உண்டு. வீட்டில் தங்காதவர்களிடமும் அதன் பராமரிப்புக்கு ஒரு தொகை வாங்குவார்கள், அப்புறம் இரண்டாம் வருஷம் கட்டாயம் அங்கேயே தங்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. அந்த வருஷ வாடகையும் சாப்பாடும் டார்மைவிடக் கூடவா குறையா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘நீங்கள் ஹானர் சொசைட்டிக்கு (நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கிற சங்கம்) தேர்வாகிவிட்டீர்கள், இத்தனை டாலர் கட்டுங்கள்’ என்று மெயில் வந்தால் காசு கட்டுவதற்கு முன்னால், அந்தப் பெயரில் கேம்பஸில் உண்மையிலேயே ஒரு கிளையும் அதற்குப் பொறுப்பான பேராசிரியரும் இருக்கிறார்களா என்று டிபார்ட்மென்டில் விசாரியுங்கள்.

உங்கள் கணவரின் லாட்ஜ் விஷயத்தில் நான் பயப்படவில்லை. ஃப்ரீமேசன்கள் நமக்குப் புதிதும் இல்லை, 1770களிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் சேர்ந்திருக்கிறார், சென்னை எழும்பூரில் இன்றும் அவர்கள் கட்டடம் இருக்கிறது. கடவுள் நம்பிக்கை வேண்டும் என்பார்கள், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். லாட்ஜுக்குள் அரசியலும் மதமும் பேசக் கூடாது. நண்பரோடு விருந்துக்கு இரண்டு மூன்று தடவை போய் அந்த மனிதர்களைப் பிடிக்கிறதா என்று பார்க்கட்டும். வேலை முன்னேற்றத்துக்காகச் சேருவதானால் வேண்டாம், அவர்களே அதை விரும்புவதில்லை. மாதம் எத்தனை ராத்திரி போகும் என்பதை மட்டும் உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். மகளுக்குச் சொன்ன அந்த ஐந்து விஷயம் அவருக்கும் பொருந்தும்.

ஹேஸிங் பற்றிச் சொல்வதற்கென்றே அமெரிக்காவில் ஒரு இலவச எண் இருக்கிறது: 1-888-668-4293. பெயர் சொல்லத் தேவையில்லை, பெற்றோரும் கூப்பிடலாம். ஆகஸ்டுக்கு முன்னால் மூன்று பேர் போனிலும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.