த்ரோவுக்கு ஆஃப்சைடு கொடுத்துவிட்டார், பெனால்டியும் கொடுத்துவிட்டார்: எதற்குப் புகார் எழுதுவது?

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “போன ஞாயிற்றுக்கிழமை லெவன்ஸ் ஃபுட்பால் டோர்னமென்ட் செமி ஃபைனலில் 2-1 என்று தோற்றோம். 1-1 என்று இருக்கும்போது எங்கள் பையன் பக்கக் கோட்டிலிருந்து கையால் போட்ட த்ரோவை ஃபார்வர்டு தனியாக வாங்கி அடிக்கப் போனான், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்க ரெஃப்ரி ஆஃப்சைடு (பந்து வருவதற்கு முன்பே எதிரணியின் கடைசி ஆட்களைத் தாண்டி நிற்பது) என்று விசில் ஊதிவிட்டார். ‘த்ரோவுக்கு ஆஃப்சைடு கிடையாதே சார்’ என்று கேப்டன் கேட்டதற்கு, ‘த்ரோவா இருந்தா என்ன, ஆஃப்சைடு ஆஃப்சைடுதான், போய் ஆடுப்பா’ என்றார். கடைசி நிமிடத்தில் எங்கள் பேக்கின் (பின்னால் நின்று தடுக்கும் பையன்) தொடையில் பட்டு எகிறிய பந்து கையில் பட்டது, பெனால்டி கொடுத்தார், அதில்தான் தோற்றோம். பெனால்டிக்கு செல்போன் வீடியோ இருக்கிறது. அன்று சாயங்காலமே கமிட்டி செயலாளரிடம் சொன்னோம், எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார். வீடியோவை வைத்துப் புகார் கொடுத்தால் எடுபடுமா? எதிர் டீம் அந்த ஊர்க்காரர்கள், அவர்களுக்குச் சாதகமாக ஊதினார் என்று எங்களுக்குச் சந்தேகம். பசங்க இனி அந்த ஊரில் காலே வைக்க மாட்டோம் என்கிறார்கள்.”

தம்பி, பெனால்டியை விட்டுவிடுங்கள். வீடியோ இருக்கிறது, ஊரே பார்த்தது, எல்லாம் சரி, ஆனால் அதை எழுதினால் உங்கள் புகார் முதல் வரியிலேயே செத்துவிடும். உங்களிடம் இருக்கிற ஒரே உருப்படியான சரக்கு அந்த த்ரோதான். அதற்கு வீடியோ இல்லை என்பதால் நீங்கள் அதைப் பின்னால் தள்ளிவிட்டீர்கள்.

ரெஃப்ரி செய்யும் தவறுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அவர் பார்த்ததில் தவறு: பந்து கோட்டைத் தாண்டியதா, கை எங்கே இருந்தது, யார் யாரை இடித்தார்கள். இன்னொன்று, பார்த்தது சரி, அதற்கு என்ன தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறதோ அது தெரியாமல் வேறொன்றைக் கொடுப்பது. ஆட்டத்தின் 17 சட்டங்களில் 5-வது சட்டம், ஆட்டத்தில் நடந்த விஷயங்களைப் பற்றி ரெஃப்ரி எடுக்கும் முடிவே இறுதி என்கிறது, கோலா இல்லையா என்பதும் அதில் அடக்கம். முதல் வகையை எந்த கமிட்டியும் தொடாது. இரண்டாவது வகையில்தான் வாய் திறக்க இடம் இருக்கிறது, அதுவும் கொஞ்சம்தான்.

முதல் வகைக்கு நம் கண் முன்னால் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஜூன் 11, உலகக் கோப்பை தகுதிச் சுற்று, இந்தியாவும் கத்தாரும். நம் வீரர் சாங்தே அடித்த கோலில் நாம் முன்னிலையில் இருக்கிறோம், 73-வது நிமிடம் பந்து எண்ட் லைனைத் தாண்டிப் போய்விட்டது, அதை உள்ளே இழுத்து கோல் அடிக்கிறார்கள், கொடுத்துவிட்டார் ரெஃப்ரி. டிவியில் பார்த்த சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்தது. 2-1 தோல்வி, அடுத்த சுற்றும் போச்சு. நம் கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தது, விசாரணை கேட்டது. முடிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒரு நாட்டுக்கே இதுதான் கிடைத்தது என்றால், உங்கள் பேக்கின் கையில் பட்ட பந்துக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதிலும் ஹேண்ட்பால் என்பது முழுக்க முழுக்க ரெஃப்ரியின் கண்ணையும் மனசையும் பொறுத்தது. கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் இல்லை. வேண்டுமென்றே தொட்டானா, இல்லை அந்த நேரத்து உடல் அசைவுக்குத் தேவையில்லாமல் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கினானா என்றுதான் பார்க்க வேண்டும். தொடையில் பட்டு வந்தது உங்கள் பையனுக்குச் சாதகமான விஷயம்தான், ஆனால் கை தோளுக்கு மேலே இருந்திருந்தால் அது மட்டும் அவனைக் காப்பாற்றாது. சரி, வீடியோ? கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று எடுத்திருந்தால் கை உடம்போடு ஒட்டியிருந்ததா, பக்கவாட்டில் விரிந்திருந்ததா என்று ஓரளவு தெரியும்; டச் லைனிலிருந்து, அதாவது பக்கக் கோட்டிலிருந்து, எடுத்திருந்தால் அதுவும் தெரியாது. எப்படி இருந்தாலும் கமிட்டி அதைப் போட்டுப் பார்த்து ரெஃப்ரி முடிவை மாற்ற ஆரம்பித்தால், அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து செல்போன் வந்து நிற்கும். அது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது த்ரோவுக்கு வருவோம். 11-வது சட்டம் தெளிவாகச் சொல்கிறது: த்ரோ, கோல் கிக், கார்னர் கிக் இந்த மூன்றிலிருந்தும் நேராகப் பந்தை வாங்குகிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. அவன் கோல்கீப்பருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் கிடையாது. லைன்ஸ்மேன் கொடி தூக்கியது ஒரு தகவல்தான், முடிவு எடுக்க வேண்டியவர் ரெஃப்ரி. பெரும்பாலும் நம்மூர் டோர்னமென்டில் லைனில் நிற்பது கமிட்டிப் பையன் ஒருவன்தான், ஃபார்வர்டு தனியாக நிற்பதைப் பார்த்ததும் கை தானாகக் கொடியோடு மேலே போகும், அதை நான் எத்தனையோ மைதானத்தில் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தத்தான் நடுவில் ஒருவர் விசிலோடு நிற்கிறார்.

உங்கள் கேஸைத் தாங்கி நிற்பது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம். ‘நடுவில் உங்க ஆள் இன்னொருத்தன் தலையில் உரசியது, அதனால் ஆஃப்சைடு’ என்று அவர் சொல்லியிருந்தால் முடிந்தது கதை, அது த்ரோவிலிருந்து நேராக வந்த பந்து இல்லை என்றாகிவிடும், உரசியதா இல்லையா என்பது பார்வை விஷயம், அவர் சொன்னதே இறுதி. ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. த்ரோதான் என்று ஒத்துக்கொண்டு, அதற்கும் ஆஃப்சைடு உண்டு என்றார். இது கண் பிசகு இல்லை, சட்டம் தெரியாமை. அதைக் கேட்டவர்கள் யார் யார், எதிர் டீம் பையன் யாராவது பக்கத்தில் நின்றானா, முதலில் அதை எழுதி வையுங்கள். கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும்போது ரெஃப்ரி பேச்சை மாற்றினால் உங்களிடம் வேறு எதுவும் மிச்சம் இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிப்பட்ட தவறுக்கு ஆட்டமே ரத்தான கதை ஒன்று உண்டு. 2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தானுக்கும் பஹ்ரைனுக்கும் உலகக் கோப்பை தகுதி ஆட்டம். உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னிலை, அப்புறம் பெனால்டி, அதையும் கோலாக்கினார்கள். ஆனால் அடிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் ஆள் ஒருவன் பாக்ஸுக்குள் ஓடிவிட்டான். அன்றைய சட்டப்படி பெனால்டியைத் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ரெஃப்ரி பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஓடியதை அவர் சரியாகத்தான் பார்த்தார், தண்டனைதான் தப்பு. ஆட்டத்தை ஜெயித்த உஸ்பெகிஸ்தானே புகார் கொடுத்து, 3-0 என்று எழுதித் தரச் சொன்னது. ஃபிஃபா அதைக் கொடுக்கவில்லை, ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த இரண்டாவது ஆட்டம் 0-0, சமமாக முடிந்தால் வெளியூரில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற கணக்கில் உஸ்பெகிஸ்தான் வெளியே போனது. கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டு வந்தார்கள்!

உங்களுக்கு இழக்க எதுவும் இல்லை, அதனால் எழுதலாம். ஆனால் அந்த த்ரோவில் வந்திருக்க வேண்டிய கோலைக் கேட்காதீர்கள். விசில் ஊதியதுமே ஆட்டம் நின்றுவிட்டது, அதற்கப்புறம் பந்து வலைக்குள் போனாலும் அது கோல் இல்லை. அதிகபட்சமாக நீங்கள் கேட்கக்கூடியது மறு ஆட்டம். இப்படி எழுதுங்கள்:

“இத்தனாம் தேதி, இந்த மைதானத்தில், இன்னாருக்கும் எங்களுக்கும் நடந்த அரையிறுதியில், ஸ்கோர் 1-1 என்று இருந்தபோது, எங்கள் த்ரோவிலிருந்து நேராகப் பந்தை வாங்கிய வீரருக்கு ஆஃப்சைடு கொடுக்கப்பட்டது. த்ரோ என்பதை நடுவரே எங்கள் கேப்டனிடம் ஒப்புக்கொண்டார். 11-வது சட்டப்படி இதற்கு ஆஃப்சைடு இல்லை. நடுவரின் பார்வையைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை, சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியது பற்றியே புகார். மறு ஆட்டம் நடத்தக் கோருகிறோம்.”

இவ்வளவுதான். பெனால்டி, ஊர்க்காரப் பாசம், ரெஃப்ரியின் குணம் எதுவும் இதில் வரக்கூடாது. கொடுப்பதற்கு முன் டோர்னமென்ட் நோட்டீஸை எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். புகாருக்கு நேரக் கெடு, டெபாசிட் இரண்டும் பொடி எழுத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்து இத்தனை மணி நேரத்துக்குள் என்று போட்டிருந்தால், அன்று சாயங்காலமே வாயால் சொன்னதையும் செயலாளர் எழுதித் தரச் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்று எல்லா நோட்டீஸிலும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘கமிட்டி முடிவே இறுதியானது’ என்றும் சேர்த்துப் போட்டிருந்தால், கமிட்டி நினைத்தால் பேசலாம் என்று அர்த்தம். நினைக்குமா என்றால், பாதிக்கு மேல் நினைக்காது என்பதுதான் என் கணிப்பு. ஃபைனல் தேதி, ஃப்ளெக்ஸ், பரிசு கொடுக்க வரும் பெரிய மனிதர் எல்லாம் முடிவாகியிருக்கும்.

உங்கள் கேப்டன் செய்ததில் ஒன்று மிகச் சரி, உடனே கேட்டார். எதிர் டீம் ஃப்ரீ கிக்கை அடிக்கும் வரைதான் ரெஃப்ரி தன் முடிவை மாற்றலாம், ஆட்டம் திரும்பத் தொடங்கிவிட்டால் தவறு என்று அவருக்கே தெரிந்தாலும் மாற்ற முடியாது. அதனால் அடுத்த முறை அந்த அரை நிமிடத்தில் ஒன்பது பேர் சூழ்ந்து கத்தாமல், கேப்டன் மட்டும் பக்கத்தில் போய், ‘சார், த்ரோ சார், லைன்ஸ்மேனை ஒரு தடவை கேளுங்க’ என்று சொல்வதுதான் வேலை செய்யும். 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டுமே ரெஃப்ரியிடம் பேசலாம் என்று ஆக்கினார்கள். கூட்டமாக வந்தால் எந்த மனிதனும் பிடித்த பிடியை விடமாட்டான்.

ஊர்க்காரர்களுக்குச் சாதகமாக ஊதினார் என்று நீங்கள் சந்தேகப்படுவது புரிகிறது. காசு வாங்கினால்தான் அப்படி நடக்கும் என்றில்லை. கூட்டத்தின் சத்தத்தோடும் சத்தமில்லாமலும் ஒரே வீடியோவை ரெஃப்ரிகளுக்குப் போட்டுக் காட்டிய ஆய்வு 2002-இல் வந்தது, சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்தான் கொடுத்தார்கள். நம் பக்கத்து மைதானங்களில் கூட்டம் டச் லைன் சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு நிற்கும்.

பசங்க விஷயம். கோபத்தில் வெளியேறுவது என்ன ஆகும் என்பதை 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் எல்லாரும் பார்த்தோம். பெங்களூர் அணியின் சேத்ரி, எதிரணி தயாராகும் முன் சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை கோல் என்று கொடுத்ததும் எதிரணியான கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தை விட்டு நடந்துவிட்டது. மறு ஆட்டம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. நீங்கள் அப்படிச் செய்யாமல் கடைசி வரை ஆடியது புகாருக்கே பலம். அடுத்த வருஷம் அந்த ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள், நுழைவுக் கட்டணம் கட்டும்போது ‘லைனுக்கு யார், மாவட்டத்து ரெஃப்ரிகளா, உங்கள் பையன்களா’ என்று கேளுங்கள், பதிலைப் பொறுத்துக் கட்டுங்கள். பெனால்டி வீடியோவைக் கமிட்டி பதில் சொல்லும் வரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே பசங்களிடம் சொல்லிவிடுங்கள்.