மூன்று முறை முடித்த புத்தகம், 66 மார்க்

கேள்வி: ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் தேர்வுகளில் மெட்டீராலஜியும் ரெகுலேஷனும் முடித்துவிட்டேன். ஏர் நேவிகேஷன் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. முதலில் 61, அப்புறம் 66. தேற 70 வேண்டும். தினமும் பத்து மணி நேரம் உட்கார்கிறேன். புத்தகத்தை மூன்று முறை முடித்தாயிற்று, கேள்வி வங்கியும் கிட்டத்தட்ட மனப்பாடம். தேர்வு அறையில்தான் எல்லாம் கலங்கிவிடுகிறது. வீடு சின்னது. பகலில் சத்தம் தாங்காமல் இரவு மூன்று மணி வரை படிக்கிறேன். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. மறுபடி கோச்சிங் சேரச் சொல்கிறார் அப்பா. சேரலாமா?

பதில்: கோச்சிங்கைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் அந்த பத்து மணி நேரத்தைப் பார்ப்போம். அதில் புத்தகம் மூடியிருந்த நேரம் எவ்வளவு? பேனாவும் வெள்ளைத்தாளும் மட்டும் எதிரில் இருக்க, நீங்களாக எதையாவது எழுதிய நேரத்தைச் சொல்கிறேன். பெரும்பாலும் அரை மணி கூடத் தேறாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது அதுதான்.

பெரம்பூரில் இந்தப் பாடங்களைப் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களைப் போலவே 60-களில் நின்றுபோன ஒரு பையன் வந்தான். புத்தகம் முழுக்க மஞ்சள் மார்க்கர். எது முக்கியமில்லை என்று தேட வேண்டியிருந்தது. புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு ஒரு கணக்கு கொடுத்தேன். ட்ராக் (போக வேண்டிய கோடு) 180, அதாவது தெற்கு; காற்று 090-லிருந்து, அதாவது கிழக்கிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 நாட்டிகல் மைல்); டிஏஎஸ் (காற்றுக்குள் விமானத்தின் உண்மை வேகம்) 100; ஹெடிங் (மூக்கை வைக்க வேண்டிய திசை) என்ன? கையில் நேவ் கம்ப்யூட்டர் (இந்தக் கணக்குகளைப் போடும் கருவி) இருந்தது, இரண்டு நிமிடத்தில் 192 என்றான். சரியான விடை 168. முறை தெரியாதவன் இல்லை. காற்றின் அம்பைத் திருப்பிப் போட்டுவிட்டான். தேர்வில் 168, 192 இரண்டுமே விடைகளில் இருக்கும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு நாம் எங்கே வழுக்குவோம் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. மூன்றாவது முறை பக்கத்தைப் புரட்டும்போது எல்லாம் பழக்கமான முகமாகத் தெரியும். தெரிந்த முகம் என்பதும், கூப்பிட்டால் பெயர் நினைவுக்கு வருவதும் வேறுவேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதியவர்கள் முந்தினார்கள். அதிகம் நினைவிருக்கும் என்று நம்பிக்கையோடு சொன்னவர்கள் என்னவோ வாசித்தவர்கள்தான்! இரவு மூன்று மணிக்கு உங்களுக்கு வரும் திருப்தியும் அந்த வகைதான்.

அதனால் நாளையிலிருந்து வாசிப்பது இருபது நிமிடம், மூடி எழுதுவது நாற்பது நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். இரண்டு வரிக்கு மேல் வராது. படித்ததெல்லாம் எங்கே போச்சு என்று பயம் வரும். அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது, விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் விட்டதைச் சேருங்கள்.

கேள்வி வங்கிக்கு வருகிறேன். அதைப் போடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், எல்லோரும்தான் போடுகிறார்கள். மனப்பாடம் எங்கே கவிழ்க்கும் என்று மட்டும் பாருங்கள். மொத்தம் 100 நாட்டிகல் மைல் பயணம். 40 மைல் போனபோது ட்ராக்கைவிட்டு 4 மைல் விலகியிருக்கிறீர்கள். சேருமிடத்துக்கு நேராகப் போக எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? ஒன்றுக்கு அறுபது விதிப்படி, வந்த வழியில் விலகிய கோணம் 4-ஐ 60-ஆல் பெருக்கி 40-ஆல் வகுக்க 6. மீதி 60 மைலுக்கு இன்னொரு 4. ஆக 10 டிகிரி. வங்கியில் இது இருக்கிறது, விடை 10 என்று உங்கள் விரலுக்கே தெரியும். தேர்வில் அதே எண்களை வைத்து, ட்ராக்குக்கு இணையாகப் பறக்க எவ்வளவு என்று கேட்கிறார்கள். விடை 6. மனப்பாடக்காரர் 40, 4, 100 என்ற எண்களைப் பார்த்த மாத்திரத்தில் 10-ஐ அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு கணக்கையும் போட்டு முடித்ததும் அதையே கொஞ்சம் மாற்றி நீங்களே ஒரு கேள்வி தயாரிப்பது. அந்த விதியில் 60 எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 60 மைல் தூரத்தில் ஒரு டிகிரி விலகினால் ஏறக்குறைய ஒரு மைல் தள்ளிப்போவோம், அவ்வளவுதான் சங்கதி. இதை ஒரு தடவை படம் போட்டுப் பார்த்துவிட்டால் பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பமே வராது.

காற்றின் அம்புக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் நேவிகேஷனில் போகிற மார்க்கில் நல்ல பங்கு அங்கேதான் போகிறது. இதில் ராயபுரத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போய் விசைப்படகு ஓட்டும் பெரியவர் யாரிடமாவது வாடைக்காற்று என்றால் என்னவென்று கேளுங்கள். வடக்கிலிருந்து வருவது. கொண்டல்? கிழக்கிலிருந்து வருவது. தமிழில் காற்றின் பெயரே அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கை) 09010 என்று இருந்தால் அதுவும் கிழக்கிலிருந்து வரும் 10 நாட் காற்று, அதாவது கொண்டல். 360 என்றால் வாடை. இப்படிப் பழகிய பிறகு அந்தப் பையன் அம்பைத் திருப்பிப் போட்டதே இல்லை.

அதே பெரியவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். கார்த்திகை மாதம், வாடை அடிக்கிறது, நீரோட்டமும் தெற்கே இழுக்கிறது. கிழக்கே ஆழ்கடலிலிருந்து துறைமுகத்துக்குத் திரும்பும்போது படகின் மூக்கை எங்கே வைப்பீர்கள்? துறைமுக வாசலுக்கு நேராக வைக்கமாட்டார். கொஞ்சம் வடக்கே வைப்பார். மூக்கு பார்க்கிற திசை ஹெடிங், படகு உண்மையில் போகிற கோடு ட்ராக், இரண்டுக்கும் நடுவே இருப்பது ட்ரிஃப்ட். புத்தகத்தில் எட்டுப் பக்கம் ஓடும் முக்கோணம் இதுதான்.

கணக்குப் போடும் முன் ஒரு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அதிகபட்ச ட்ரிஃப்ட் என்பது காற்றின் வேகத்தை 60-ஆல் பெருக்கி டிஏஎஸ்ஸால் வகுப்பது. மேலே சொன்ன கணக்கில் 12 டிகிரி. காற்று இடப்பக்கமிருந்து வருகிறது, அதனால் மூக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும், 180-ஐவிடக் குறைவாக, 168 பக்கத்தில். இதற்குப் பத்து வினாடி போதும். கம்ப்யூட்டர் 192 காட்டினால் உடனே சந்தேகம் வந்துவிடும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிற நமக்கு என்றே ஒரு பள்ளம் இருக்கிறது. ஹைட், ஆல்டிட்யூட், எலிவேஷன் மூன்றையும் நாம் உயரம் என்றே சொல்கிறோம். ஹைட் என்பது தரையிலிருந்து, ஆல்டிட்யூட் கடல்மட்டத்திலிருந்து, எலிவேஷன் என்பது அந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் இருக்கும் அளவு. சென்னையில் வளர்ந்தவருக்கு இந்த வித்தியாசம் உறைக்காது, ஊரே கடலோடு கடலாக இருக்கிறது. பெங்களூரு விமான நிலையத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையில் நிற்கும்போதே க்யூஎன்எச் (கடல்மட்டக் காற்றழுத்தம்) வைத்த ஆல்டிமீட்டர் சுமார் 3,000 அடி காட்டும். க்யூஎஃப்இ (அந்த விமான நிலையத்தின் காற்றழுத்தம்) வைத்தால் பூஜ்யம். ஹெடிங், ட்ராக், பேரிங் (ஓர் இடம் நம்மிடமிருந்து இருக்கும் திசை) மூன்றையும் திசை என்று சொல்வதும் இதே கதைதான். வீட்டில் தங்கையிடமோ அப்பாவிடமோ தமிழிலேயே விளக்குங்கள், ஆனால் இந்தச் சொற்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே வையுங்கள். அவர்கள் நிறுத்தி, அப்போ அதுவும் இதுவும் ஒண்ணுதானே என்று கேட்டால், உங்களுக்கும் அது தெளிவில்லை என்று அர்த்தம்.

மறதிக்கு ஒரு பழைய உத்தி உண்டு. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970-களில் பிரபலப்படுத்தியது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஐந்து அறை தடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி அளவு சீட்டில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மற்றவற்றை இன்னும் இடைவெளி விட்டு. ரேடியோ எய்ட்ஸ், இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அலகு மாற்றம் போன்றவற்றுக்கு இது கச்சிதம். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர், ஒரு யுஎஸ் கேலன் 3.785 லிட்டர், இந்த மாதிரி. மெட்ரோவில் போகும்போது பத்துச் சீட்டு பையில் இருக்கட்டும். கைக்கடிகாரத்தைப் பார்க்கும் போதெல்லாம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) மாற்றுங்கள். பத்தாம் தேதி அதிகாலை 2 மணி என்றால் யூடிசியில் ஒன்பதாம் தேதி 20.30. அந்தத் தேதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இரவு மூன்று மணிப் படிப்பை நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. விமானிகளுக்கு டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம்) வகுத்திருக்கும் பணிநேர விதியே இரவு 2 முதல் காலை 6 வரை உடல் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் என்று தனியாகக் குறிக்கிறது. நாளைக்கு நீங்கள் அந்த விதிக்குக் கீழே பறக்கப்போகிறவர். படித்தது மூளையில் படிவதும் தூக்கத்தில்தான். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால், தெரு விழித்துக்கொள்ளும் முன் ஒன்றரை மணி நேரமாவது கிடைக்கும். புதிய பாடம், புரியாத பாடம் எல்லாம் அப்போது. பகல் சத்தத்தில் கணக்குப் பயிற்சி செய்யுங்கள். மிக்ஸி ஓடும், பக்கத்து வீட்டு டிவி ஓடும், ஓடட்டும். எஞ்சின் சத்தத்தோடு கணக்குப் போடுகிற வேலைக்குத்தானே போகிறீர்கள். வாரம் இரண்டு நாள் முழு அமைதி வேண்டும் என்றால் கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பாருங்கள், படிப்பதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வாரம் ஒருநாள் முழு மாதிரித் தேர்வு, கம்ப்யூட்டர் திரையில், தேர்வு நடக்கும் அதே நேரத்தில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. முதல் சுற்றில் நேரடிக் கேள்விகளை முடித்துவிட்டு நீண்ட கணக்குகளை இரண்டாவது சுற்றுக்கு ஒதுக்குங்கள். இந்தத் தேர்வில் தவறுக்கு மார்க் குறைப்பது கிடையாது, அதனால் ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடவேண்டாம்.

இப்போது கோச்சிங். அதற்கு முன் ஒரு நோட்டு போடுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் தப்பாகும் ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை எழுதுங்கள்: பாடமே புரியவில்லையா, புரிந்தும் கணக்கில் சறுக்கினீர்களா, கேள்வியைத் தப்பாகப் படித்தீர்களா. கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள், அது காரணம் இல்லை, சாக்கு. வேரியேஷனை (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) மேற்குக்குக் கூட்டாமல் கழித்தேன், கேள்வியில் ட்ரூ என்று இருந்ததை மேக்னெடிக் என்று படித்தேன், இப்படி எழுத வேண்டும். உங்களுக்கு வேண்டியது நான்கு மார்க், 66-லிருந்து 70. அது எந்தக் காரணத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நோட்டு காட்டிவிடும்.

பாடம் புரியாத கேள்விகள் ஒரே பகுதியில் குவிந்திருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் யாரிடமாவது நான்கைந்து வகுப்பு போங்கள். முழு கோர்ஸுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம், அதே புத்தகத்தை நான்காவது முறை வாசிப்பதுபோல ஆகிவிடும். மற்ற இரண்டு காரணங்களாக இருந்தால் கோச்சிங்கே தேவையில்லை, நோட்டை அப்பாவிடம் காட்டிப் பேசுங்கள்.